நீர் ஏறும் வீட்டை எழுதியவள்

ஜனவரி 6

தம்பிக்கு,

உன் நம்பரை என் போனில் அடைத்துவிட்டேன். நான்கு நாளாகக் கூப்பிட்டுப் பார்த்திருப்பாய். மெயில் அனுப்பினாலும் எனக்கு வராது. சொல்ல ஏதாவது இருந்தால் இதே மாதிரி தாளில் எழுதித் தபாலில் போடு. கையால் எழுதும்போதாவது கொஞ்சம் யோசிப்பாய் என்று ஒரு நப்பாசை.

உன் வீடியோ கேம் பத்திரிகையின் ஆண்டு முடிவு இதழை எனக்குக் காட்டியது எங்கள் ஆபீஸ் லிப்ட் மெக்கானிக். மதியச் சாப்பாட்டு நேரம். "இது உங்க தம்பிதானே? மூக்கு அப்படியே உங்க மூக்கு" என்று கட்டுரைக்கு மேலே இருந்த உன் சின்னப் படத்தைக் காட்டி மேசையில் விரித்து வைத்தார். 'வீட்டுக் கன்சோலுக்குத் தலைசிறந்த பத்து சாகச விளையாட்டுகள்.' எட்டுப் பக்கம். முதலிடம், 'நீர் ஏறும் வீடு'. அந்த ஆட்டக் கம்பெனியின் முதலாளி, எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடும் ஆள், கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்கும் முழுப்பக்கப் படம். அதன் கீழே நீ எழுதியிருந்த வரி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது: "இந்த வீட்டின் ஒவ்வோர் அறையும் ஒரே மனிதரின் கற்பனையில் பிறந்தது."

ஒரே மனிதர்.

"ஆமா, என் தம்பிதான்" என்றேன். அதற்குள் போன் அடித்தது. யாரோ ஒரு அம்மாள் பதினொன்றாவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவே லிப்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அப்படி மாட்டிக்கொள்பவர்களோடு பேசிக்கொண்டிருப்பதுதான் இப்போது என் வேலை. இருபத்தைந்து நிமிடம் அவள் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். என் குரலில் அவ்வளவு தேன். மனசுக்குள் உன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு வருஷம் அந்தக் கம்பெனியில் கதை எழுதினேன். வீடு என்னுடையது. அதில் வரும் அக்காவும் தம்பியும் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. போன மார்ச்சில் என்னை வெளியே அனுப்பினார்கள். ஆகஸ்டில் ஆட்டம் வந்தது. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், எண்ணினேன். தரை துடைத்தவர் பெயர்கூட இருக்கிறது. அது நியாயம்தான், நன்றாகத் துடைப்பார். என் பெயர் இல்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியும். விளையாடிய முதல் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்தே அந்த ஆளுக்கு மாலை போட்டிருக்கிறாய்.

அடுத்த இதழில் உண்மையைப் போடு. இல்லையென்றால் அந்த ஆட்டத்தைப் பட்டியலிலிருந்து எடு. இரண்டும் முடியாதென்றால் எனக்குத் தம்பி இல்லை என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுகிறேன்.

அக்கா


ஜனவரி 13

அக்கா,

முதலில் ஒன்று. என் பட்டியலில் எது முதலிடம் என்பதை நீ முடிவு செய்ய முடியாது. கேப்டனும் முடியாது. பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இந்த வருஷம் மட்டும் அறுபத்தொரு சாகச ஆட்டங்களை முடித்தேன். கட்டைவிரல் மடங்காமல் டாக்டரிடம் போனேன். இரண்டாமிடம் கொடுத்த 'ஊமைக் காடு' பார்க்க அழகு, ஆனால் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு அதற்குச் சொல்ல எதுவுமில்லை. மூன்றாவதான 'ஒன்பதாவது சாவி'யில் புதிர்கள் பிரமாதம், ஆட்கள் மரக்கட்டை. உன் வீடுதான் கன்ட்ரோலரைக் கீழே வைத்த பிறகும் என்னை விடவில்லை. அதனால் முதலிடம். நீ எழுதியதால் கூட்டியும் வைக்கவில்லை, குறைத்தும் வைக்கவில்லை.

இரண்டாவது, நீ என்னிடம் சொன்னாயா? நான்கு வருஷமும் "ரகசியப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன், கேக்காதே" என்றுதானே சொன்னாய்? வேலை போனதையே மூன்று மாசம் கழித்துச் சொன்னாய், அதுவும் ஏதோ குடையைத் தொலைத்த மாதிரி. விமர்சனம் எழுதுபவன் பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் எழுதுவான்.

ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது, அதை மறுக்கவில்லை. எப்போது தெரிந்தது என்று சொல்கிறேன். கீழிருந்து தண்ணீர் ஏறுகிறது. அக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏற வேண்டும். அவன் நின்று நின்று "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்கிறான். உண்மையைச் சொன்னால் அங்கேயே உட்கார்ந்து அழுகிறான், தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிடுகிறது. பொய் சொன்னால் எழுந்து நடக்கிறான், ஆனால் அந்தப் பொய் அடுத்த மாடியில் காத்துக்கொண்டிருக்கிறது. 'அம்மா அலமாரிக்குள்ள ஒளிஞ்சிருக்காங்க' என்று சொன்னதால் நாற்பது அலமாரிகளைத் திறக்க வேண்டியதாயிற்று. சாகச ஆட்டங்களில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. எழுந்து நின்று கைதட்டினேன். அப்புறம் மூன்றாவது மாடி வந்தது.

மூன்றாவது மாடியில் அந்தப் பையன் பல்லில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டுகிறான். பால்பல் எல்லாம் விழுந்ததும் அம்மா வந்துவிடுவாள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதனால்.

அந்தப் பல் என்னுடையது, அக்கா. எனக்கு ஆறு வயது. அம்மா வீட்டைவிட்டுப் போன வருஷம். ஆடாத பல் இரண்டை நானே பிடுங்கினேன். என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. நீ அதை எடுத்து, பட்டன் வைத்து, இருபது லட்சம் பேர் கையில் கொடுத்திருக்கிறாய். யாரோ ஒருவன் நான் பல் பிடுங்குவதை நூறு தடவை ஓட்டிப் பார்த்து இணையத்தில் போட்டிருக்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

உனக்கு நான் கடன்பட்டவன்தான். நான் எழுதிய முதல் கட்டுரையே உன்னைப் பற்றியது. பஸ் ஸ்டாண்டு எதிரே டிவி கடையில் காட்சிக்கு வைத்திருந்த கன்சோலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னை விளையாட விட்டாயே, அதைப் பற்றி. கடைக்காரர் விரட்ட வந்தபோதெல்லாம் "அப்பா உள்ள பில் போட்டுக்கிட்டிருக்கார்" என்று புளுகினாய். அந்த நாள் இல்லையென்றால் எனக்கு இந்தத் தொழில் இல்லை. அதற்காக என் வாயில் இருந்த பல் உனக்குச் சொந்தமாகிவிடாது.

தம்பி


ஜனவரி 19

தம்பி,

உன் பல்லா? ரத்தத்தைத் துடைத்தது யார்? வாய் கொப்பளிக்க வைத்தது யார்? நீ அழாமல், "இன்னும் பதினெட்டு இருக்கு" என்று எண்ணிக் காட்டியபோது எதிரே நின்றது யார்? எனக்குப் பதினொரு வயது. அப்பா லாரியை எடுத்துக்கொண்டு போனால் ஐந்து நாள் கழித்து வருவார். நீ ஒருவன்தான் அந்த வீட்டில் இருந்தாயா?

சரி, உன்னைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு வரியில் ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது வரி எதிர்பார்க்காதே.

என்னை எப்படி வெளியே அனுப்பினார்கள் என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். கடைசி மாடி நான் எழுதியபடி வேறு மாதிரி. மொட்டைமாடியில் அம்மா படகோடு காத்திருப்பதெல்லாம் என்னுடையதல்ல. நான் எழுதியதில் அம்மா இல்லை. அக்கா அதுவரை சொல்லாத ஒன்றைத் தம்பியிடம் சொல்வாள், அதோடு ஆட்டம் முடியும். கேப்டன் எல்லோரையும் கூட்டம் போட்டு உட்கார வைத்தார். இருபது பேர் சுற்றி.

"நாப்பது மணி நேரம் விளையாடினவனுக்கு இதையா குடுக்கறது? அம்மா வரணும். கட்டிப்பிடிக்கணும். அவ்வளவுதான்."

"அம்மா வந்தா இதுவரைக்கும் சொன்ன பொய்யெல்லாம் நிஜமாயிடும் சார். அப்புறம் இந்த ஆட்டத்துக்கு அர்த்தமே இல்ல."

"அர்த்தத்தை நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க. எனக்கு முடிவு வேணும்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து என் அடையாள அட்டை கதவைத் திறக்கவில்லை. காவலாளி ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் என் தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்வெட்டர், இன்னொருவருடைய செருப்பு. நோட்டுப் புத்தகம், கம்ப்யூட்டரில் எழுதியது எல்லாம் கம்பெனிச் சொத்து. எதுவும் தரவில்லை.

அந்தப் படகு முடிவைப் பற்றி நீ எழுதியிருக்கிறாய், "இந்த ஆண்டின் மிக நேர்மையான முடிவு" என்று. உன் அறுபத்தொரு ஆட்டங்களையும் கட்டைவிரலையும் கொண்டுபோய்க் குப்பையில் போடு. அம்மா வந்து கட்டிப்பிடிப்பது நேர்மையா? நம் அம்மா வந்தாளா?

ஆதாரம் கேட்பாய். என்னிடம் எதுவும் இல்லை. கேப்டனிடம்தான் எல்லாம் இருக்கிறது. அதனால்தான் உன்னிடம் கேட்டேன். நம் வீட்டில் இதையெல்லாம் பார்த்தவன் நீ ஒருவன்தான்.

அக்கா


ஜனவரி 27

அக்கா,

ஆதாரம் கிடைத்துவிட்டது.

உன் கடிதம் வந்த மறுநாள் எடிட்டரிடம் போனேன். "கதையை எழுதினது வேற ஒருத்தர்" என்றேன். யார் என்று சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "காகிதம் இருக்கா? இல்லாம ஒரு வரி போட மாட்டேன்" என்றார். சரி, தேடுவோம் என்று வாசகர் கடிதங்களைப் புரட்டினேன். ஆட்டத்தின் கோப்புகளைத் தோண்டிப் பார்க்கும் வாசகி ஒருத்தி இருக்கிறாள், பகலில் பல் டாக்டராம். வெட்டியெறிந்த காட்சிகளின் வசனம் சில சமயம் உள்ளேயே கிடக்கும், யாரும் துடைக்க மாட்டார்கள். உன் கடைசி மாடியும் அப்படிக் கிடந்திருக்கிறது. அவள் அதைப் பிரதியெடுத்து, "இதற்கு என்ன பொருள் என்று தெரியுமா?" என்று கேட்டு எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

அந்தக் காட்சியில் மேசை இழுப்பறையிலிருந்து அக்கா ஒரு கடிதத்தை எடுக்கிறாள். அம்மா எழுதியது. அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"பெரியவளே, வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா லாரியில் போன பிறகு வருகிறேன். மூட்டையைக் குளிப்பாட்டித் தயாராக வை. எனக்குக் கிடைத்திருக்கும் அறையில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம் இருக்கிறது. நீ புத்திசாலி, அப்பாவைச் சமாளித்துக்கொள்வாய்."

மூட்டை.

உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டவள் ஒருத்திதான். நீகூடக் கூப்பிட்டதில்லை.

அக்கா, இது கதையா, நடந்ததா? சுற்றி வளைக்காமல் எழுது. நடந்தது என்றால் இன்னொரு கேள்வி. நான் பல் பிடுங்கியது இந்தக் கடிதம் வருவதற்கு முன்பா, பின்பா?

இதை எடிட்டரிடம் இன்னும் காட்டவில்லை. காட்டினால் இந்த ஆட்டத்தை எழுதியது நீதான் என்று ஊருக்கே தெரியும். கூடவே இந்தக் கடிதத்தை நீ என்ன செய்தாய் என்பதும் தெரியும். ஒன்றைப் போட்டு மற்றதை மறைக்க எனக்கு வழி தெரியவில்லை. மறைக்க ஆசையும் இல்லை.

தம்பி


பிப்ரவரி 5

தம்பி,

நடந்தது. பல் பிடுங்கியது பின்பு. ஐந்து வாரம் கழித்து.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் படித்துப் பார்த்தால் கிழித்துவிடுவேன், அதனால் திருப்பிப் படிக்காமல் போடுகிறேன்.

கடிதம் ஒரு புதன்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கதவுக்கடியில் கிடந்தது. முதல் வரியைப் படித்ததும் எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அம்மா வருகிறாள். அப்புறம்தான் மூன்றாவது வரி. ஒரு பிள்ளைக்குத்தான் இடம். அது நான் இல்லை என்று சொல்லக்கூட அவள் மெனக்கெடவில்லை. நான் புத்திசாலியாம். அந்த வார்த்தையை யார் சொன்னாலும் இன்றைக்கும் அங்கிருந்து எழுந்து போய்விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உன்னைக் குளிப்பாட்டினேன். தலை வாரினேன். நீலச் சட்டை போட்டுவிட்டேன். அதுவரைக்கும் அம்மா சொன்னபடிதான் செய்தேன், நம்பு. உன்னை அனுப்பிவிடத்தான் நினைத்தேன். ஷூவுக்கு நாடா கட்டும்போது நீ, "எங்க போறோம்?" என்று கேட்டாய். போறோம். அந்த 'றோம்' என்னை என்னமோ செய்துவிட்டது. நீ போன பிறகு அந்த வீட்டில் அப்பாவும் நானும் கூடத்துச் சுவர்க் கடிகாரமும் மட்டும் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். "கடைக்கு" என்றேன். பின்பக்கப் படியில் இறங்கி பஸ் ஏறினோம்.

அந்தக் கடைதான். உன் முதல் கட்டுரை. நீ அதை அச்சில் போட்டு எனக்கு அனுப்பியபோது குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தேன். உன்னை விளையாட விட்டதாக எழுதியிருந்தாய். நான் உன்னை ஒளித்து வைத்திருந்தேன். நீ ஆட்டத்தில் ஒரு கப்பலைத் தீவுக்குத் தீவு ஓட்டிக்கொண்டிருந்தாய், நான் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் தேடிக்கொண்டு வந்துவிடுவாளோ என்று. வந்துவிட மாட்டாளா என்றும்.

ஆறு மணிக்குத் திரும்பினோம். கீழ் வீட்டுத் தையல்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா வந்திருந்தாங்க பாப்பா. பதினோரு மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் படியில உக்காந்திருந்தாங்க. தண்ணி குடுத்தேன், வேணாம்னுட்டாங்க. தம்பிக்கு இப்ப என்ன அளவு செருப்புன்னு கேட்டாங்க. எனக்கெங்க தெரியும்?"

"அப்பாகிட்ட சொல்லாதீங்க மாமா" என்றேன். அவர் சொல்லவில்லை.

அடுத்த கடிதம் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் உன்னிடம் காட்டிவிடுவது என்று சத்தியம்கூடச் செய்துகொண்டேன். வரவில்லை. மூன்று வருஷம் கழித்து அப்பாவுக்கு ஒரு போன் வந்தது, அம்மா உயிரோடு இல்லை என்று. அப்பா மட்டும் போய்விட்டு வந்தார்.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், எப்ப வருவாங்க, எப்ப வருவாங்க என்று. என்ன சொல்வேன்? வந்துவிட்டுப் போய்விட்டாள் என்றா? பல் எல்லாம் விழட்டும் என்றேன். அதற்கு ஆறு வருஷமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். நீ நூலை எடுப்பாய் என்று எனக்கெப்படித் தெரியும்?

எடிட்டரிடம் காட்டுவதானால் காட்டு. ஆனால் ஒன்று கேள். உன்னிடம் எனக்கிருக்கும் கோபம் இதனால் குறையவில்லை. நான் செய்தது தப்பு என்பதால் கேப்டன் செய்தது சரியாகிவிடாது. நீ எழுதிய 'ஒரே மனிதர்' சரியாகிவிடாது.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. முதல் பத்து நாள் நான் எழுதியிருந்தால் அதைத் தபால்காரர் தொட்டிருக்க மாட்டார்.

மூன்று வருஷம். அவள் உயிரோடு இருந்த மூன்று வருஷம், அக்கா. ஆறிலிருந்து ஒன்பது வரை. எனக்கு அவள் முகம் ஞாபகமில்லை, அவள் தோளில் கிடந்த ஒரு பச்சைத் துண்டு மட்டும்தான் ஞாபகம். நான் படியில் நின்று பார்த்திருந்தால் ஒரு முகமாவது இருந்திருக்கும். என்ன அளவு செருப்பு என்று கேட்டாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமையை முப்பது வருஷம் உனக்குள்ளேயே வைத்திருந்து, கடைசியில் எனக்குக் கொடுக்காமல் ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறாய். அவன் பிடிக்கவில்லை என்று வெட்டியெறிந்துவிட்டான். எனக்கு அந்தக் கேப்டன் மீது வந்த கோபத்தில் பாதி அதற்குத்தான்.

கன்சோலைப் பெட்டியில் போட்டுப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். அன்றிலிருந்து ஒரு ஆட்டமும் விளையாடவில்லை. எந்தத் திரையைப் பார்த்தாலும் அந்தக் கடைக் கண்ணாடிதான் தெரிகிறது.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 'ஒரே மனிதர்' என்று தெரிந்தேதான் எழுதினேன். பெயர்ப் பட்டியலைப் பார்த்து எழுதினேன் என்றது சால்ஜாப்பு. பல்லைப் பார்த்த ஆத்திரம். உனக்கு வலிக்க வேண்டும் என்று நினைத்தேன், வலித்தது. படகு முடிவைப் பாராட்டியதும் அப்படித்தான் என்று சொல்ல ஆசை. ஆனால் இல்லை, அதை நான் நிஜமாகவே நம்பினேன். அம்மா வந்தபோது அழுதேன். அதை வைத்து நீ சிரிக்கலாம்.

இனி நடந்தது. எடிட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வசனத்தையும் காட்டினேன். "மூட்டை யாரு?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். வசனத்தை இன்னொரு தடவை படித்தார். அப்புறம், "ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம் வேணாம். அது உங்க வீட்டு விஷயம். அந்தக் கடிதம் இருக்கறதும் அதுல வர்ற பேரும் போதும்" என்றார். அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். இந்தக் கதையை எழுதியது என் அக்கா. வெட்டப்பட்ட காட்சியில் இருக்கும் கடிதம் எங்கள் அம்மாவுடையது. அதில் வரும் பெயர் எனக்கும் அக்காவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. கேப்டனின் கற்பனையில் அது பிறந்திருந்தால், அந்தப் பெயரால் கூப்பிடப்பட்ட பிள்ளை யார் என்று அவர் சொல்லட்டும். இவ்வளவுதான்.

கேப்டன் போனில் கத்தினார். வக்கீல், மானம், நஷ்டம் என்று எல்லாம் சொன்னார். கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. மூன்றாவது நாள் கம்பெனி ஒரு அறிக்கை விட்டது. அடுத்த அப்டேட்டில் உன் பெயர் வருகிறது.

எனக்கு நடந்தது இது. சொந்த அக்காவின் ஆட்டத்துக்கு முதலிடம் கொடுத்தவன் என்று நூற்றுக்கணக்கில் கடிதம். எடிட்டர் வேறு வழியில்லை என்று 'நீர் ஏறும் வீட்டை'ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார். 'ஊமைக் காடு' முதலிடம். ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு சொல்ல எதுவுமில்லாத அந்தக் காடு. என்னை ஆறு மாசத்துக்கு விமர்சனம் எழுத வேண்டாம், மெய்ப்பு மட்டும் பார் என்று சொல்லிவிட்டார்கள்.

நீ முதல் கடிதத்தில் கேட்ட இரண்டும் நடந்துவிட்டது. சந்தோஷமா?

தம்பி


மார்ச் 4

தம்பி,

சந்தோஷமில்லை. உன் வேலையைக் கெடுக்க நான் கேட்கவில்லை. ஒன்று செய் அல்லது இன்னொன்று செய் என்றேன். நீயும் அந்த எடிட்டரும் இரண்டையும் செய்துவிட்டீர்கள்.

அப்டேட் வந்தது. மெக்கானிக் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். அவர் பெண் வைத்திருக்கிறாள் கன்சோல். இருநூற்றுப் பதின்மூன்றாவது பெயர் நான். எப்படிப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? 'கூடுதல் எழுத்து'. குழம்பில் கூடுதல் உப்பு போட்ட மாதிரி. தரை துடைப்பவருக்கும் கீழே. மெக்கானிக்கின் பெண் கைதட்டினாள். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து அவர் வீட்டுக் கேட்டை உதைத்தேன். கால்விரல் வீங்கியிருக்கிறது.

கம்பெனிக்கு எழுதிவிட்டேன், கதை என்று போடும்வரை விட மாட்டேன் என்று. மெக்கானிக்கின் மச்சான் வக்கீல். பார்ப்போம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வந்தாலும் அது அந்த மூன்று வருஷத்துக்குக் காணாது. அதனால் கேட்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருந்தால், நானும் கேப்டன் மாதிரிதான் ஆகிவிடுவேன்.

அன்றைய கூட்டத்தைப் பற்றி நான் உனக்கு எழுதியது பாதிதான். அர்த்தத்தை வீட்டுக்குக் கொண்டு போ என்று சொல்வதற்கு முன்னால் அவர் என்னிடம் நல்லபடியாகவே ஒரு கேள்வி கேட்டார். "சரி, அக்கா கடிதத்தைக் குடுத்துட்டா. பையன் படிச்சிட்டான். அப்புறம் அவன் என்ன சொல்வான்? அதைச் சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன்." இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான்கு வருஷம் அந்தப் பையனுக்கு ஆயிரக்கணக்கில் வசனம் எழுதியவள் நான். ஒரு வரி வரவில்லை. அதற்குப் பிறகுதான் படகு வந்தது. திருடியவன் அவன்தான். ஆனால் கடைசி மாடியைக் காலியாக விட்டுவைத்தவள் நான்.

பையன் என்ன சொல்வான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அக்கா


மார்ச் 15

அக்கா,

காலில் பனிக்கட்டி வை. நாற்பது வயதுக்கு மேல் கேட்டை உதைப்பது அசட்டுத்தனம்.

பையன் என்ன சொல்வான் என்று கேட்டிருந்தாய். முதலில் தோன்றியதை எழுதினேன். "நீ இல்லாமல் நான் போயிருக்கவே மாட்டேன் அக்கா, என்னைக் கேட்டிருக்கலாமே" என்று. எழுதிப் பார்த்தபோது கண்ணீரே வந்துவிட்டது. ஒரு பக்கம் எழுதினேன். அதைத்தான் உனக்கு அனுப்புவதாக இருந்தேன். தபால் பெட்டிவரை கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்தேன்.

ஏனென்றால் அது பொய். கேப்டன் எழுதுகிற வசனம்.

எனக்கு ஆறு வயது. அம்மா படியில் நின்று "மூட்டை, வா" என்று சொல்லியிருந்தால், நீலச் சட்டையோடு ஓடியிருப்பேன். ஒரு ஷூவுக்கு நாடா கட்டாமல் இருந்தாலும் ஓடியிருப்பேன். அக்கா வரவில்லையா என்று தெருமுனை தாண்டிய பிறகுதான் கேட்டிருப்பேன். அம்மா ஏதாவது ஒன்று சொல்லியிருப்பாள். நான் நம்பியிருப்பேன். உன்னைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

போயிருப்பேன், அக்கா. அதை நீ அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தாய்.

நீ செய்ததை மன்னிக்கவில்லை. அதை எழுத்தில் வைத்துக்கொள். ஆனால் உன்னைத் திட்டுவதற்காக உட்காரும்போதெல்லாம், பதினொரு வயதுப் பெண் ஒருத்தி தனியாக அந்த வீட்டில் இருப்பது தெரிகிறது. நான் அவளை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு உன்னிடம் எப்படிக் கோபப்படுவது என்று ஒரு வாரமாகப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை. தாளில் வராது போலிருக்கிறது.

மெய்ப்பு பார்ப்பவனுக்கு லீவு சுலபமாகக் கிடைக்கிறது. சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். முழு நாளும் உன்னைத் திட்ட வேண்டியிருக்கும். வேலைக்கு மாற்றாக யாரையாவது ஏற்பாடு செய்து வை, லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அன்றைக்கு வேறு யாரோடாவது பேசட்டும்.

தம்பி